கடலோரத்துக்கு சர்வர் வாங்குபவர்கள் கம்பெனிக் கூட்டணிகளைப் படிப்பது எப்படி

கீழக்கரையில் ஒரு மருத்துவமனைக்கோ, மண்டபத்தில் ஒரு இறால் ஏற்றுமதி கம்பெனிக்கோ, ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரிக்கோ சர்வர் கொட்டேஷன் வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது புராசசர் பெயர், கோர் எண்ணிக்கை, கடைசி வரியில் உள்ள விலை. அந்த விலை ஏன் அப்படி வந்தது, மூன்று வருடம் கழித்து இன்னும் எவ்வளவு பிடுங்கும் என்பதை இந்த மூன்றும் சொல்லாது. அதைத் தீர்மானிப்பவை நான்கு கூட்டணிகள்: சிப்பை வடிவமைப்பவருக்கும் அதைத் தயாரிக்கும் ஃபேபுக்கும் (சிப் தொழிற்சாலை) இடையே ஒன்று, சிப் கம்பெனிக்கும் மென்பொருள் கம்பெனிக்கும் இடையே ஒன்று, சிப் கம்பெனிக்கும் சர்வர் கம்பெனிக்கும் இடையே ஒன்று, சர்வர் கம்பெனிக்கும் டீலருக்கும் இடையே ஒன்று.

சென்னையில் இருப்பவர் இதையெல்லாம் பார்க்காமல் வாங்கினாலும் சமாளித்துவிடலாம். இங்கே அப்படி முடியாது. பெரும்பாலும் இன்ஜினியர் மதுரையிலிருந்து வர வேண்டும். ராமேஸ்வரத்துக்கு என்றால் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். விசைப்படகுக்கு எஞ்சின் வாங்குபவர் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார். சர்வருக்கும் அதே விசாரணைதான் வேண்டும்.

ஃபேபில் தொடங்குங்கள்: சிப்பின் வயதைக் கண்டுபிடிப்பது

சர்வர் சிப் போட்டி தலைகீழானது ஒரு ஃபேப் முடிவால். ஏஎம்டி 2009இல் தன் தொழிற்சாலைகளைத் தனியே பிரித்துவிட்டது, அதுதான் குளோபல்ஃபவுண்டரீஸ். 2017இல் வந்த ஏஎம்டியின் முதல் தலைமுறை சர்வர் சிப் எபிக் அங்கே 14 நானோமீட்டரில் (இந்த எண் குறையக் குறைய நவீனம்) தயாரானது, அதிகபட்சம் 32 கோர். 2018 ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்டரீஸ் 7 நானோமீட்டர் வேலையை நிறுத்திவிட்டது. ஏஎம்டி தைவானின் டிஎஸ்எம்சி ஃபேபின் 7 நானோமீட்டருக்குப் போனது, 2019இல் 64 கோர் எபிக் வந்தது. தன் சொந்த ஃபேபில் 10 நானோமீட்டர் தாமதத்தோடு போராடிக்கொண்டிருந்த இன்டெல்லால், இரண்டு சாக்கெட் (போர்டில் சிப் உட்காரும் இடம்) சர்வருக்கான 10 நானோமீட்டர் சியானை, அதாவது தன் சர்வர் சிப்பை, 2021 ஏப்ரலில்தான் கொண்டுவர முடிந்தது. அதே முடிவு ஐபிஎம்மை வேறு விதமாக அடித்தது. தன் சிப் தொழிற்சாலைகளை 2015இல் குளோபல்ஃபவுண்டரீஸிடம் ஒப்படைத்து அதை நம்பியிருந்த ஐபிஎம், பவர்10 சிப்புக்கு சாம்சங்கிடம் போக நேர்ந்தது. அது விற்பனைக்கு வந்தது 2021இல்.

இதிலிருந்து வாங்குபவர் செய்ய வேண்டியது, கொட்டேஷனில் உள்ள சிப் எந்தத் தலைமுறை என்று மாடல் எண்ணிலேயே படித்துவிடுவது. எபிக் 7000, 9000 வரிசைகளில் எண்ணின் கடைசி இலக்கம்தான் தலைமுறை: 7551 முதல் தலைமுறை, 7742 இரண்டாவது, 7763 மூன்றாவது, 9654 நான்காவது, 9965 ஐந்தாவது. சியானில் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள்: கோல்டு 6248 இரண்டாம் தலைமுறை, 6348 மூன்றாவது, 6448 நான்காவது, 6548 ஐந்தாவது. 2024இல் வந்த சியான் 6 வரிசைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோல்டு 6530 என்பது ஐந்தாம் தலைமுறை சிப்; 6530 எண்ணுக்குப் பின்னால் ஆங்கில 'பி' எழுத்து இருந்தால் அது சியான் 6. சாக்கெட்டும் வேறு, போர்டும் வேறு. ஒரு எழுத்து விட்டுப்போன கொட்டேஷனில் ஆர்டர் கொடுத்தால் பிறகு வாதாட இடமிருக்காது. முழு எண்ணையும் பின்னொட்டையும் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதச் சொல்லுங்கள்.

பின்னொட்டுக்கும் பொருள் உண்டு. எபிக்கில் 'பி' என்று முடிந்தால் ஒற்றை சாக்கெட்டில் மட்டும் ஓடும், விலை குறைவு. 'எஃப்' என்றால் கோர் எண்ணிக்கைக்கு அதிக வேகம், 'எக்ஸ்' என்றால் கூடுதல் கேஷ் நினைவகம். பின்னாளில் இரண்டாவது சிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து 'பி' மாடல் வாங்கினால் அந்தத் திட்டம் அன்றே முடிந்தது.

மென்பொருள் கூட்டணி: சிப்பைக் கொல்வது இதுதான்

எச்பியும் இன்டெல்லும் 1994இல் கைகோத்து உருவாக்கிய இட்டானியம் 2001இல் வந்தது. வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள் என்று பெரிய இடங்களில் ஓடியது. 2011 மார்ச்சில் ஆரக்கிள், இட்டானியத்துக்கு இனிப் புதிய மென்பொருள் எழுதுவதில்லை என்று அறிவித்தது. எச்பி வழக்குப் போட்டு 2012இல் வென்றது. 2016இல் ஆரக்கிள் 300 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது. வழக்கில் ஜெயித்தும் சிப் பிழைக்கவில்லை. டேட்டாபேஸ் எதிர்காலம் இல்லாத இயந்திரத்தில் யாரும் புதிதாகப் பணம் போடவில்லை. 2021 ஜூலையோடு இன்டெல் அதை அனுப்புவதை நிறுத்தியது. 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7 கெர்னலில் இட்டானியம் ஆதரவே நீக்கப்பட்டது.

ஆகவே சிப்பை விசாரிப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் மென்பொருள்களை எல்லாம் பதிப்பு எண்ணோடு எழுதுங்கள்: டேட்டாபேஸ், கணக்கு மென்பொருள், ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் மென்பொருள், விர்ச்சுவல் மெஷின் அடுக்கு (ஒரே சர்வருக்குள் பல தனிக் கணினிகளை ஓட்டும் மென்பொருள்), பேக்கப். ஒவ்வொன்றின் விற்பனையாளரிடமும் எந்தப் புராசசர் குடும்பத்தில் ஆதரவு தருவீர்கள், எந்த வருடம் வரை என்று மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. "எல்லாத்துலயும் ஓடும் சார்" என்பது பதில் அல்ல.

அடுத்தது லைசென்ஸ் கணக்கு. இதைப் போடாமல் கோர் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதுதான் இந்தப் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு பதிப்பில், இயந்திரத்தில் உள்ள எல்லாக் கோருக்கும் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். அப்படி ஒருமுறை வாங்கினால் இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம். ஆறு மெஷின் வேண்டுமென்றால் மூன்று முறை. 16 கோர் சிப்பில் அது 48 கோருக்கான லைசென்ஸ். விலை கொஞ்சம்தான் கூடுதல் என்று 64 கோர் சிப் வாங்கியவருக்கு அதே ஆறு மெஷினுக்கு 192 கோர். அந்த இடத்தில் எத்தனை மெஷின் வேண்டுமானாலும் ஓட்ட விடும் டேட்டாசென்டர் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆரக்கிள் டேட்டாபேஸ் எண்டர்பிரைஸ் பதிப்பில் கோர் எண்ணிக்கையை ஒரு காரணியால் பெருக்குவார்கள். இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கு 0.5, ஐபிஎம் பவர் சிப்புகளுக்கு 1.0. எனவே 16 கோர் சியானுக்கு 8 லைசென்ஸ், 16 கோர் பவருக்கு 16. ஒரு மென்பொருள் கம்பெனி தன் அட்டவணையில் ஒரு எண்ணை மாற்றினால் ஒரு சிப்பின் சந்தை ஏறும், இறங்கும். விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் விற்கும் விஎம்வேர் 2020இல் அதைச் செய்தது. அதுவரை சாக்கெட்டுக்கு ஒரு லைசென்ஸ் என்று இருந்ததை, 32 கோர் வரை ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று மாற்றியது. 64 கோர் எபிக் வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. 2023 நவம்பரில் பிராட்காம் கைக்கு வந்த பிறகு நிரந்தர லைசென்ஸே போய், கோர் கணக்கில் சந்தா வந்தது. ஒரு சிப்புக்குக் குறைந்தது 16 கோர். எட்டுக் கோர் சிப் போட்டாலும் 16க்குத்தான் பணம். நாலைந்து மெஷின் ஓட்டும் இடங்களுக்கு மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி அல்லது லினக்ஸின் கேவிஎம் போதும் என்பதே எங்கள் கருத்து.

டீலர் கூட்டணி: விலை இறங்குவதும் இறங்காததும் எங்கே

பெரிய சர்வர் பிராண்டுகளில் டீல் ரெஜிஸ்ட்ரேஷன் என்று ஒரு முறை உண்டு. உங்கள் தேவையை முதலில் கேட்டறிந்த டீலர் அதை உங்கள் நிறுவனத்தின் பெயரில் கம்பெனியிடம் பதிவு செய்துவிடுவார். அவருக்குத் தனி விலை கிடைக்கும். அதே பிராண்டை நீங்கள் வேறு டீலரிடம் கேட்டால் அந்த விலை அவருக்கு வராது. மூன்று டீலரிடம் ஒரே பிராண்டுக்கு மூன்று கொட்டேஷன் வாங்குபவர் போட்டி நடந்ததாக நினைப்பார். உண்மையில் முதல் ஃபோன் காலிலேயே அது முடிந்திருக்கும்.

சரியான வழி: வெவ்வேறு டீலரிடம் வெவ்வேறு பிராண்டு, அதில் குறைந்தது ஒன்று இன்டெல், ஒன்று ஏஎம்டி. விசாரணைக் கடிதத்தில் சிப்பின் பெயரை எழுதாமல் தேவையை எழுதுங்கள்: மொத்தம் எத்தனை கோர், ஸ்பெக் சிபியு 2017 (சிப் வேகத்தை அளக்கும் பொதுச் சோதனை) இன்டிஜர் ரேட் மதிப்பெண் குறைந்தது எவ்வளவு, மெமரி எத்தனை ஜிபி, எல்லா மெமரி சேனலும் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான தனித்தனிப் பாதை) நிரப்பப்பட்டிருக்க வேண்டும், மின்சாரம் எத்தனை வாட்டுக்குள். மதிப்பெண்ணைப் பொதுவில் வெளியான பட்டியலிலிருந்து காட்டச் சொல்லுங்கள், முடிவின் பக்கத்தில் உள்ள குறிப்புகளையும் படியுங்கள். நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் ஒரு கம்பைலர் அந்தச் சோதனைக்கென்றே குறுகலாகத் திருத்தப்பட்டிருந்தது என்று 2024இல் ஸ்பெக் அமைப்பு 2,600க்கும் மேற்பட்ட சியான் முடிவுகளைக் குறிப்பிட்டு எச்சரித்தது. சிப் கம்பெனியே கம்பைலரும் எழுதும்போது இதுவும் போட்டியின் ஒரு பகுதிதான்.

தள்ளுபடிக்குப் பின்னால் சிப் கம்பெனி இருப்பது புதிதல்ல. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த தள்ளுபடிகள் போட்டியை நசுக்கின என்று ஐரோப்பிய ஆணையம் 2009 மேயில் இன்டெல்லுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்த அபராதத்தை 2022இல் கீழ் நீதிமன்றம் ரத்து செய்தது, 2024 அக்டோபரில் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2009 நவம்பரில் ஏஎம்டியுடனான வழக்குகளை முடிக்க இன்டெல் 125 கோடி டாலர் தந்தது. இன்றைய வாங்குபவருக்கு இதில் பயன்படும் செய்தி: பட்டியல் விலைக்கும் கடைசி விலைக்கும் இடையே சிப் கம்பெனி தரும் ஆதரவுத் தொகைக்கு இடமுண்டு. எதிர்ப் பிராண்டின் எழுத்துமூலமான கொட்டேஷன் மேசைமேல் இருந்தால்தான் டீலர் அதைக் கேட்டு மேலே எழுதுவார்.

அரசு நிறுவனம் என்றால் ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் உள்நாட்டு உள்ளடக்க சதவீதத்தையும் கேட்பார்கள். மத்திய அரசின் சி-டாக் ஆய்வு நிறுவனத்தின் ருத்ரா சர்வர் போல இங்கே வடிவமைத்தவையும் உள்ளன. லெனோவோ புதுச்சேரியில் சர்வர் தயாரிப்பை அறிவித்திருக்கிறது. பெட்டி எங்கே பூட்டப்பட்டாலும் உள்ளே இருக்கும் சிப் அநேகமாக இன்டெல்லோ ஏஎம்டியோதான். உத்தரவாதக் கேள்விகள் மாறாது.

பூட்டுகள்: சாக்கெட், மெமரி, பயாஸ்

சிப் கம்பெனிக்கும் சர்வர் கம்பெனிக்கும் இடையிலான கூட்டணி வெளியே தெரிவது இந்தப் பூட்டுகளில்தான். ஒரு சாக்கெட் எத்தனை தலைமுறைக்குத் தாங்கும் என்று கேளுங்கள். எஸ்பி5 சாக்கெட்டில் 2022இன் நான்காம் தலைமுறை எபிக்கும் 2024இன் ஐந்தாம் தலைமுறையும் உட்காரும். ஆனால் அதற்கான பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) புதுப்பிப்பை சர்வர் கம்பெனி வெளியிட்டிருக்க வேண்டும், ஹீட்சிங்கும் ஃபேனும் தாங்க வேண்டும். நான்காவதில் உச்சம் 400 வாட், ஐந்தாவதில் 500. சாக்கெட் பொருந்துவதால் மட்டும் மேம்படுத்திவிட முடியாது. இன்டெல்லின் எல்ஜிஏ 4677 சாக்கெட் நான்காம், ஐந்தாம் தலைமுறைகளோடு சரி.

மெமரியில் டீலர்கள் விலையைக் குறைத்துக் காட்டும் இடம் ஒன்று உண்டு. எபிக் 9004 சிப்புக்கு 12 சேனல். டிடிஆர்5-4800 மெமரியில் ஒரு சேனலுக்கு நொடிக்கு 38.4 ஜிபி, பன்னிரண்டும் நிரம்பினால் 460.8. 64 ஜிபி குச்சி நான்கு போட்டு 256 ஜிபி என்று கொடுத்தால் கிடைப்பது 153.6 மட்டுமே, மூன்றில் ஒரு பங்கு. கடல் நீரோட்ட மாடல், படச் செயலாக்கம் போன்ற வேலைகளில் அது அப்படியே தெரியும். 192 ஜிபி போதும் என்றால் 16 ஜிபி குச்சி பன்னிரண்டு கேளுங்கள், 256க்குக் குறையக்கூடாது என்றால் 32 ஜிபி குச்சி பன்னிரண்டு.

ஏற்கெனவே இன்டெல் சர்வர் இருக்கும் இடத்தில் ஏஎம்டி சேர்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை ஒன்றிலிருந்து மற்றதற்கு நிறுத்தாமல் மாற்ற முடியாது. அணைத்துவிட்டு மாற்றலாம். சின்ன நிறுவனத்துக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய விஷயமில்லை; மருத்துவமனைக்கு உண்டு. அங்கே ஜோடியாக வாங்குங்கள்.

பழைய எபிக் சிப் மலிவாகக் கிடைத்தால் நிதானியுங்கள். சில பெரிய சர்வர் கம்பெனிகளின் போர்டில் முதல் முறை ஏற்றும்போதே, பாதுகாப்பு பூட் வசதிக்காக சிப்பின் உள்ளே ஒரு ஃபியூஸ் எரிக்கப்படும். அதன்பின் அந்தச் சிப் அந்தக் கம்பெனியின் போர்டில் மட்டுமே பூட் ஆகும். திருப்ப வழியே இல்லை. சிப் பழுதாகாமல் பார்க்கப் புதிதாகவே இருக்கும், உங்கள் போர்டில் திரைக்கு எதுவும் வராது. உங்கள் போர்டிலேயே ஓட்டிக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். மாட்டும்போது டி20 டார்க்ஸ் பிட், சாக்கெட்டின் உலோகச் சட்டத்தில் எழுதியுள்ள 1, 2, 3 வரிசையில் திருகாணிகள். எஸ்பி3 சாக்கெட்டில் 4,094 தொடுமுனைகள் உள்ளன, ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் சில மெமரி குச்சிகள் காணாமல் போகும். காலியான இரண்டாவது சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி எறியாதீர்கள். இந்தக் காற்றில் திறந்து கிடக்கும் தொடுமுனை மங்கத் தொடங்கினால் அதைத் துடைத்துச் சரிசெய்யும் வழி கிடையாது.

சில்லறைப் பெட்டி இல்லாமல் ட்ரேயில் மொத்தமாக வரும் சிப்புக்கு சிப் கம்பெனி நேரடி வாரண்டி தராது, விற்றவர்தான் பொறுப்பு. பெட்டியில் வரும் சிப்புக்கு மட்டுமே அவர்களிடம் நேரே போகலாம்.

உப்புக் காற்றும் வாரண்டி ஒப்பந்தமும்

சர்வர் கம்பெனிகளின் வாரண்டி வாசகத்தில் காற்றில் உள்ள அரிப்பு ஜி1 அளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். பொருள்: ஒரு மாதத்தில் செம்புத் தகட்டில் அரிப்புப் படலம் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழ், வெள்ளித் தகட்டில் 200க்குக் கீழ். கையெழுத்துப் போடும் முன் இந்த வரியைத் தேடுங்கள். சோதனைத் தகடுகளை 30 நாள் அறையில் தொங்கவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒருமுறையும் வாடைக் காற்றில் ஒருமுறையும் செய்தால்தான் உண்மை நிலை தெரியும். அமைதியான மார்ச்சில் எடுத்த அளவு உங்களை ஏமாற்றும்.

காரணம் எளிது. உப்புத் துகள் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது. அந்தக் கரைசல் போர்டில் மின்சாரம் கடத்தும், செம்பைத் தின்னும். அதனால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, வெப்பம் 18 முதல் 27 டிகிரி. இரவில் சர்வரையும் ஏசியையும் அணைத்துவிட்டுப் போவது இங்கே மோசமான பழக்கம். விடியற்காலையில் அறை 80ஐத் தொட்டிருக்கும். கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையைத் தவிர்த்து, கட்டடத்தின் நடுவில் உள்ள அறையை எடுங்கள். ஏசி இரண்டு, முறைமாற்றி ஓட வேண்டும். அவுட்டோர் யூனிட்டின் அலுமினிய ஃபின்கள் விரலால் தொட்டாலே வெள்ளைப் பொடியாக உதிர்வதைப் பாம்பன் பக்கம் எங்கும் பார்க்கலாம். பூச்சுப் பூசிய காயில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

சர்வீஸ் ஒப்பந்தத்தில் "அடுத்த வேலை நாள்" என்றிருந்தால், அது உங்கள் பின்கோடுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். உதிரி மெயின்போர்டு எந்த ஊர்க் கிடங்கில் இருக்கும் என்றும் கேளுங்கள். இரண்டு பிராண்டுகளின் விலை நெருக்கமாக இருந்தால் இந்தப் பதிலை வைத்தே முடிவு செய்யலாம்.

வாடகைச் சிப்பும் வரப்போகும் சிப்பும்

அமேசான் 2015இல் அன்னபூர்ணா லேப்ஸை வாங்கி, 2018இல் கிராவிட்டானைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் 2023இல் கோபால்ட், கூகுள் 2024இல் ஆக்ஸியான். மூன்றும் ஆர்ம் வடிவமைப்பில் (இன்டெல், ஏஎம்டியின் எக்ஸ்86 வடிவமைப்பிலிருந்து வேறு) அமைந்தவை, மூன்றையும் வாங்க முடியாது. அவர்களின் கிளவுடில் வாடகைக்கு மட்டும். உங்கள் வேலை லினக்ஸ், போஸ்ட்கிரெஸ், பைத்தான் என்று இருந்தால் மும்பை ரீஜியனில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். வாங்காவிட்டாலும் அந்த பில் டீலரிடம் பேச உதவும். விண்டோஸில் மட்டும் ஓடும் பழைய மென்பொருள் இருந்தால் ஆர்ம் பக்கம் போகாதீர்கள்.

கூட்டணி அறிவிப்புகளைப் பார்த்து வாங்குவதைத் தள்ளிப்போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் இன்டெல்லும் ஏஎம்டியும் சேர்ந்து எக்ஸ்86 ஆலோசனைக் குழு அமைத்தன. 2025 செப்டம்பரில் என்விடியா இன்டெல்லில் 500 கோடி டாலர் முதலீட்டையும், என்விடியாவுக்கென இன்டெல் தனிச் சர்வர் சிப் செய்யும் என்பதையும் அறிவித்தது. முதலாவதால் உங்களுக்கு நன்மை: இரண்டு கம்பெனிச் சிப்பிலும் ஒரே மென்பொருள் மாற்றமின்றி ஓடும் உறுதி கூடும், பிராண்டு மாற்றும் பயம் குறையும். இரண்டாவது பெரிய ஏஐ கூடங்களுக்கானது, 32 கோர் வாங்கும் இடத்துக்கு அதில் எதுவும் இல்லை. குவால்காம் 2017 நவம்பரில் சென்ட்ரிக் சர்வர் சிப்பை ஆரவாரமாக வெளியிட்டு, அடுத்த வருடமே பின்வாங்கியதை மறக்க வேண்டாம். பார்ட் நம்பரும் டெலிவரி தேதியும் இல்லாத எதற்கும் ஒப்பீட்டுத் தாளில் மதிப்பெண் போடாதீர்கள்.

டெலிவரி வந்த அன்றே பெட்டியின் சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டு, வாரண்டி யார் பெயரில், எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். டீலர் கிடங்கில் நான்கு மாதம் கிடந்த இயந்திரத்துக்கு வாரண்டி அப்போதே ஓடத் தொடங்கியிருக்கலாம். தேதியைத் திருத்தித் தரும்வரை கடைசி பத்து சதவீதப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். இந்த நிபந்தனையை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வைத்தால்தான் அன்று நிற்கும்.